வாட்டம் பார்க்காமல் ஓடையில் கை வைக்காதீர்கள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, மாரண்டஹள்ளி பக்கம் ஓர் ஓடையைச் சரிசெய்ய வேண்டும் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது ஜேசிபிதான். காலையில் இறங்கும். இரண்டு பக்கமும் கரையைச் செதுக்கி, நடுவில் நேராகப் பள்ளம் எடுத்து, செடி கொடியெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு மாலைக்குள் ஏறிவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு வாட்டர்ஷெட் (நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு) வேலையில் இருப்பவள். இந்த மாதிரி வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுவதும், அளவெடுத்து எம்-புக் (அளவுப் புத்தகம்) எழுதுவதும் எனக்கு நன்றாகப் பழகியவை. ஓடைகளையும் சிற்றாறுகளையும் மீட்டெடுப்பதற்கென்றே நடந்த ஒரு தொழில்முறைப் பயிற்சியில் சேர்ந்தபின் என் வேலையின் வரிசையே மாறிவிட்டது. எதை முதலில் பார்ப்பது, எதை அளப்பது, இயந்திரத்தை எப்போது கூப்பிடுவது, எங்கே கூப்பிடவே கூடாது என்பதெல்லாம் இப்போது வேறு. அங்கே கற்றதில் நம் மாவட்டத்துக்குப் பொருந்தியது எது, பொருந்தாதது எது என்று எழுதுகிறேன். பொறியாளர்கள், தன்னார்வலர்கள், ஊருக்காக ஏதாவது செய்ய நினைக்கும் பஞ்சாயத்து இளைஞர்கள் மூன்று தரப்புக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. அதிலும் செப்டம்பர், அக்டோபரில் சில நாட்களில் கொட்டுவதுதான் பெரும்பங்கு. அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கிலும், பாறை விரிசல்களிலும் மட்டுமே. அது வற்றினால் போர் போட்டு ஆழத்துக்குப் போகிறோம். பல இடங்களில் அங்கிருந்து வரும் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பல்லில் பழுப்புக் கறையோடும் வளைந்த கால் எலும்போடும் ஒரு தலைமுறையே வளர்ந்த ஊர்கள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தபின் குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் ராகிக்கும் தக்காளிக்கும் மாட்டுக்கும் நம் கிணறுதான். அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய அணை அல்ல, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் சின்ன ஓடை. வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடப்பதால் அதை யாரும் ஆற்றுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் வேலை செய்யும் ஓடை சின்னாற்றில் போய் விழுகிறது. சின்னாறு பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது.

பயிற்சியில் பாதி வகுப்பு, பாதி களம். களத்தில் முதலில் கையில் கொடுத்தது ஒரு நோட்டும் பென்சிலும்தான். ஓடை பெரிய ஆற்றில் சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடக்கச் சொன்னார்கள், அப்புறம் அதே வழியில் கீழே இறங்கி வரச் சொன்னார்கள். ஏறும்போது மண் அரிப்பை மட்டும் பார்க்க வேண்டும், இறங்கும்போது அசுத்தத்தை மட்டும் பார்க்க வேண்டும். காரணம் எளிது. அரிப்பு கீழே தொடங்கி மேலே ஏறும். கழிவு மேலே கலந்து கீழே வரும். இரண்டையும் ஒரே நடையில் பார்த்தால் கண் குழம்பிவிடும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அந்தப் பயிற்சிக்கு நான் நன்றி சொல்வேன். இப்போது எந்த ஓடைக்குப் போனாலும் அந்த இரண்டு நடையும் முடியாமல் எஸ்டிமேட் நோட்டைத் திறப்பதில்லை.

சூழல் மீட்புக்கான பன்னாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. 2019-இல் அது வெளியிட்ட தரநிலைகளின் இரண்டாம் பதிப்புதான் எங்கள் பாடத்துக்கு அடித்தளம். ஒரு சூழல் நன்றாக இருக்கிறதா என்பதை அதில் ஆறு கூறுகளாகப் பார்க்கிறார்கள்: அச்சுறுத்தல் நின்றுவிட்டதா, மண்ணும் நீரும் சரியான நிலையில் இருக்கின்றனவா, இருக்க வேண்டிய உயிர்கள் இருக்கின்றனவா, செடி, புதர், மரம் என்று அடுக்குகள் உண்டா, சத்துச் சுழற்சி போன்ற செயல்கள் நடக்கின்றனவா, சுற்றியுள்ள நிலத்தோடும் நீரோடும் போக்குவரத்து இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு ஒரு சக்கரமாக வரைவார்கள். முதல் கூறு அச்சுறுத்தல் என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கெடுதல் செய்வது நிற்காமல் மற்ற ஐந்தில் எதைச் செய்தாலும் பணம் தண்ணீரோடு போகும். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து வருகிறது, அதிலுள்ள சோப்புப் பொருட்கள் மதகில் அடிபட்டு நுரைக்கின்றன. அங்கே கரையில் எத்தனை மரம் நட்டாலும் அந்த நுரை குறையாது.

எங்கள் ஓடையில் இரண்டு அச்சுறுத்தல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, மணலும் மண்ணும் அள்ளுவது. இன்னொன்று தக்காளி. விலை கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கும் நாட்களில் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது. விவசாயி என்ன செய்வார், பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து ஓடையோரம் கொட்டிவிட்டுப் போவார். அழுகும் பழம் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துவிடும், மீன் செத்து மிதக்கும். இதற்கு அபராதம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நஷ்டப்பட்ட ஆளை மறுபடி அடிக்கும் வேலை அது. ஓடைக்குப் போகும் வண்டிப்பாதை தொடங்கும் இடத்திலேயே பஞ்சாயத்துப் புறம்போக்கில் மக்குக்குழி எடுத்துக் கொடுத்தோம். வண்டி அதற்கு மேல் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. கொட்டுவது பெருமளவு நின்றுவிட்டது. ஓடையில் ஒரு கல்லைக்கூட வைப்பதற்கு முன்னால் நடந்த வேலை இது. என் கணக்கில் மொத்தத் திட்டத்திலும் அதிகப் பலன் கொடுத்த வேலையும் இதுதான்.

சரி, அளவுகளுக்கு வருவோம்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே பெரும்பாலான அளவுகளை எடுத்துவிடலாம். ஓடையின் குறுக்கே இறுக்கமாக ஒரு கயிறு கட்டி, மட்டம் பார்த்து, அரை மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றிலிருந்து படுகை வரை ஆழம் எடுத்தால் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். வாட்டம், அதாவது படுகையின் சரிவு, பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். தண்ணீர் ஓடும்போது ஓர் ஆரஞ்சுப் பழத்தை விட்டு, பத்து மீட்டர் போக எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். ஆரஞ்சு பாதிக்கு மேல் முங்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. மேற்பரப்பில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதால் வரும் வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 20 செ.மீ., பழத்தின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்றால் ஓடும் தண்ணீர் வினாடிக்கு 170 லிட்டர். இதை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் மழை நின்றபின் ஓடை எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். கிணற்றுக்காரருக்கு அதைவிட முக்கியமான கணக்கு வேறில்லை.

அடுத்தது கல் எண்ணும் முறை. அமெரிக்கப் புவியியலாளர் வோல்மன் 1954-இல் அறிமுகப்படுத்தியது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒவ்வொரு அடியிலும் குனிந்து பார்க்காமல் கால் கட்டைவிரல் நுனியில் தட்டுப்படும் முதல் கல்லை எடுக்க வேண்டும். அதன் நீளத்தையோ தடிப்பையோ அளக்கக் கூடாது, நடுவான அகலத்தைத்தான் அளக்க வேண்டும். இப்படி நூறு கல். கண்ணால் பார்த்து எடுத்தால் கை தானாகப் பெரிய கல்லுக்கே போகும், அதனால்தான் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அளவு வரிசையில் அடுக்கினால் நூறில் ஐம்பதாவது கல்லின் அளவு அந்தப் படுகையின் சராசரித் தன்மையைச் சொல்லும். அடுத்த வருடம் அந்த அளவு சட்டென்று கூடியிருந்தால் பொடிமணல் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

பொருந்தாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ராஸ்கன் என்பவரின் 1994-ஆம் ஆண்டு ஆற்று வகைப்பாட்டுக்குப் பெரிய இடம் கொடுத்தார்கள். ஆறு தன் கரையை நிரப்பித் ததும்பும் மட்டத்தைக் கண்டுபிடித்து அதை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிடுவது அந்த முறை. பொதுவாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் அந்த மட்டத்தைத் தொடும் என்பது அதன் எதிர்பார்ப்பு. பனி உருகி வருடம் முழுவதும் ஓடும் ஆறுகளுக்கு அது சரி. நம் ஓடைகள் அப்படியில்லை. மூன்று வருடம் சும்மா கிடந்துவிட்டு ஒரே இரவில் இரு கரையும் கொள்ளாமல் வரும். அந்த ஒரு வெள்ளம் போட்டுவிட்டுப் போன வடிவம்தான் அடுத்த பல வருடத்துக்கு. அதனால் ததும்பும் மட்டம் என்று ஒரே கோட்டைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மரவேரில் தொங்கும் சருகு, கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) சுவரில் படிந்த சேற்றுக்கோடு, வயதானவர்களின் ஞாபகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய மட்டம் கிடைக்கும்.

பயிற்சியில் எனக்கு மிகவும் ஆழமாகப் பதிந்தது படுகை இறங்குவதைப் பற்றிய பாடம். லேன் என்ற பொறியாளர் 1955-இல் சொன்ன சமநிலை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஓடை சுமந்து வரும் மண்ணின் அளவும் பருமனும், மறுபக்கம் தண்ணீரின் அளவும் வாட்டமும். ஒரு பக்கத்தைக் குறைத்தால் சமநிலை வரும்வரை ஓடை தானே வெட்டிக்கொள்ளும் அல்லது தானே நிரப்பிக்கொள்ளும். இப்போது ஜேசிபி செய்வதை இதில் வைத்துப் பாருங்கள். வளைந்து வளைந்து 300 மீட்டர் போய் 3 மீட்டர் இறங்கும் ஓடைக்கு வாட்டம் நூற்றுக்கு ஒன்று. அதை நேராக்கி 200 மீட்டராகச் சுருக்கினால் இறக்கம் அதே 3 மீட்டர்தான், வாட்டம் மட்டும் நூற்றுக்கு ஒன்றரை ஆகிவிடும். தண்ணீருக்கு வேகம் கூடுகிறது. அதே சமயம் மணலையும் அள்ளிவிட்டோம், சுமக்க ஒன்றுமில்லை. அந்தச் சக்தி முழுவதும் படுகையையும் கரையையும் அறுக்கப் போகிறது.

அறுப்பது ஓர் இடத்தில் படிபோலத் தொடங்கும். தோண்டிய பகுதியும் தோண்டாத மேல்பகுதியும் சேரும் இடத்தில் சின்ன விழுவாட்டம் உண்டாகும். ஒவ்வொரு மழைக்கும் அது அடியில் குடைந்து, மேல்மண் சரிந்து, ஓடையில் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். எங்கள் ஓடையில் ஓர் ஒப்பந்தக்காரர் எடுத்த பள்ளத்திலிருந்து கிளம்பிய விழுவாட்டம் மேலே ஏறி, சாலைக் கல்வெர்ட்டின் அடித்தளம் தெரியும் அளவுக்கு வந்து நின்றது. இன்னும் இரண்டு கனமழை வந்திருந்தால் சாலையே போயிருக்கும். ஊரில் எல்லோரும் கல்வெர்ட் பழசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்வெர்ட் நன்றாகத்தான் இருந்தது. காரணம் பல நூறு மீட்டர் கீழே இருந்தது.

கிணறுகளுக்கும் இதே கதைதான். படுகை ஒரு மீட்டர் இறங்கினால் கரையோர நிலத்தடி நீர் அந்தப் புதிய மட்டத்தை நோக்கி வடியத் தொடங்கும். முன்பு படுகை மணல் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விட்டது, அதுவும் இப்போது இல்லை. ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவரிடம் கேட்டேன். “அந்த மடுவுல மாசி பங்குனி வரைக்கும் தண்ணி நிக்கும் கண்ணு. ஆடு குடிக்கும், நாங்களும் கையால மணல நோண்டி ஊத்துத் தண்ணி குடிப்போம். மண்ணு அள்ளுன பொறவுதான் தையிலயே காஞ்சுபோவுது” என்றார். அந்தப் பேச்சை நான் அப்படியே அறிக்கையில் சேர்த்தேன். படுகையின் பழைய மட்டம் எங்கே இருந்தது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். பிறகு கரையில் அந்தரத்தில் தொங்கிய புங்கன் வேர்களை அளந்தோம். வேர் தொடங்கும் இடத்துக்கும் இன்றைய படுகைக்கும் உள்ள இடைவெளி தாத்தா சொன்னதோடு ஒத்துப்போனது.

நேராக்கியதன் விலையை உலகத்துக்குக் காட்டிய உதாரணம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கிஸ்ஸிமி ஆறு. வெள்ளத்தைத் தடுக்க என்று சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து ஓடிய ஆற்றை 1962-இலிருந்து 1971-க்குள் 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். சதுப்பு நிலம் காய்ந்தது, நீர்ப்பறவைகள் போய்விட்டன. அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை மூடி, பழைய வளைவுகளில் மறுபடி தண்ணீரை விடும் வேலை 1999-இல் தொடங்கி 2021-இல்தான் முடிந்தது. வெட்டியதைவிடத் திருப்பிக் கொண்டுவர இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடித்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் கிராம சபையில் சொன்னபோது எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

நலமான ஓடை எப்படி இருக்கும் என்று பார்க்க எங்களை வனத்துறை அனுமதியோடு அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் கூட்டிப்போனார்கள். அந்த வட்டாரக் காடுகளின் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது. யானை நடமாட்டம் உண்டு, வனக்காவலர் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அங்கே பார்த்த ஓடை எந்த எஸ்டிமேட்டிலும் வராத மாதிரி இருந்தது. எங்கும் ஒரே அகலம் இல்லை. கல்மேல் சலசலத்து ஓடும் இடம், அடுத்து ஆழமான மடு, மறுபடி கல் என்று மாறி மாறிப் போனது. நீர்மருது வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்திருந்தன. குறுக்கே ஒரு பட்டமரம் விழுந்து கிடந்தது, அதற்கு மேல்பக்கம் மணலும் சருகும் சேர்ந்திருக்க, கீழ்ப்பக்கம் மடு. நாமாக இருந்தால் அந்த மரத்தை முதல் வேலையாக இழுத்துப் போட்டிருப்போம். அந்த மடுவில்தான் மீன்குஞ்சுகள் அத்தனையும் இருந்தன. மணலோரம் அயிரை.

தண்ணீர்ப் பூச்சிகளைப் பார்க்கும் முறையையும் அங்கேதான் கற்றேன். கொசுவலையை ஒரு சட்டத்தில் கட்டி ஓடையில் பிடிக்க வேண்டும், அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கல்லைப் புரட்டினால் ஒட்டியிருக்கும் பூச்சிகள் வலைக்குள் வந்து சேரும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கலாம். வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற செவுளும் பின்னால் மூன்று வால் இழையும் கொண்டவை மேஃபிளை இளசுகள். மணல் துகளை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு நகர்பவை கேடிஸ்ஃபிளை. இவற்றில் பல இனங்களுக்கு ஆக்ஸிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீர் வேண்டும். சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள், அவை ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். கருவி வைத்து அளந்தால் அந்த நேரத்து நிலைதான் தெரியும். பூச்சி பல வாரமாக அங்கேயே வாழ்வதால் நடுவில் ஒருநாள் கலந்த கழிவையும் அது காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒரே நாளில் சொல்லித்தரலாம். ஆக்ஸிஜன் கருவி கையில் இருந்தால் விடியும் முன் அளவெடுங்கள். பாசி நிறைந்த தண்ணீர் மதியத்தில் நல்ல அளவு காட்டும், விடியற்காலையில் தரைக்கு வந்துவிடும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு.

ஊர் திரும்பியபின் கல் வேலைக்கு முன்னால் காகித வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, புலவரைபடம் இரண்டையும் வைத்து ஓடைப் புறம்போக்கின் அகலத்தைப் பாருங்கள். பல இடங்களில் வரைபடத்தில் இருக்கும் அகலத்தில் பாதிகூடத் தரையில் இருக்காது. உடனே ஆக்கிரமிப்பு என்று சத்தம் போட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். நாங்கள் அகலம் மிச்சமிருக்கும் பகுதியில் தொடங்கினோம். அங்கே மடுவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபின், பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் வரப்பைத் தாமாகவே பின்னால் தள்ளிப் போட்டார்கள்.

கல் வேலையில் எங்களுக்குப் பொருந்திய முறை நியூ மெக்சிகோவின் வறண்ட ஓடைகளில் பில் ஸீடிக் என்பவர் வளர்த்தெடுத்தது. அங்கே மழை நம்மைவிடக் குறைவு என்றாலும், வறண்டு கிடந்துவிட்டுத் திடீரென்று வெள்ளம் வரும் ஓடைகள்தான் அங்கேயும். அவர் முறையில் கல்லை அடுக்கி உயர்த்துவதே இல்லை. ஒரு கல் உயரம்தான், அகலவாக்கில் நான்கைந்து வரிசை. கீழ்ப்பக்க முதல் வரிசையைப் படுகை மட்டத்துக்குப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாண்டி விழும் தண்ணீர் அங்கே குழி பறிக்கும். வெள்ளம் மேலேயே ஏறிப் போய்விடும், மணல் மட்டும் கல்லிடுக்கில் தங்கும். அது நிரம்பியதும் அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு கல். படுகை மெல்ல மெல்ல எழும்பும். கல்வெர்ட்டை நெருங்கிய விழுவாட்டத்துக்கு வேறு வைத்தியம்: செங்குத்து முகத்தைச் சரித்து, கல் பதித்த கிண்ணமாக்கி, கீழே ஒரு சின்ன மடு விட்டு, அதற்கும் கீழே ஒரு கல்வரிசை. விழும் தண்ணீரின் வேகம் அந்த மடுவில் அடங்கிவிடும். இடுப்பளவுக்குக் குறைந்த இறக்கத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், அதற்கு மேல் என்றால் பொறியியல் கணக்கோடு வேறு கட்டுமானம் வேண்டும்.

பக்க ஓடைகளில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கும் வழக்கமான தளர்கல் தடுப்பு போட்டோம். அதற்கான இடைவெளிக் கணக்கு எளிது. கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்டம் நூற்றுக்கு இரண்டு, தடுப்பின் உயரம் 30 செ.மீ. என்றால் 15 மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இரண்டு ஓரமும் கரைக்குள் நன்றாகச் செருகியிருக்க வேண்டும். நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்தால் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு சுற்றிப் போகும். நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்கள் வயலில் கல்கட்டு வைத்துப் பழகியவர்கள். கல்லை எந்தப் பக்கம் திருப்பினால் உட்காரும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். “தட்டையான மூஞ்சிய கீழ வை கண்ணு, ஆடாது” என்று ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தது வகுப்பில் எந்தப் படத்திலும் இல்லை. மேற்பார்வையிட்ட ஒருவர், இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை ஆய்வு, கான்கிரீட்டில் ஒரு தடுப்பணை கட்டினால் முடிந்துவிடுமே என்று கேட்டார். விழுவாட்டம் ஏறிக்கொண்டிருக்கும் ஓடையில் கான்கிரீட் கட்டினால் அதன் கீழ்ப்பக்கமும் அறுந்து தொங்கும் என்று கல்வெர்ட்டையே காட்டி விளக்கினோம், ஏற்றுக்கொண்டார்.

கல் வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் கோடைமழை திடீரென்று வரும். செடி நடுவது அதற்கு அப்புறம், ஆடி ஆவணியில் மண் நன்றாக நனைந்த பிறகு. கரைச்சரிவில் கட்டைவிரல் பருமனுள்ள நொச்சிப் போத்துகளைச் சாய்வாகச் செருகினால் போதும், நன்றாகப் பிடிக்கும், ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. அடிக்கரையில் வெட்டிவேர், கொஞ்சம் மேலே புங்கனும் நாவலும், தண்ணீர் நின்று போகும் இடத்தில் நீர்மருது. படுகை நடுவில் எதையும் நட வேண்டாம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க ஆசைப்படாதீர்கள். சிதைந்த கரையைப் பல இடங்களில் அந்த வேர்தான் பிடித்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் கிள்ளி, பக்கத்தில் நம் மரம் காலூன்றிய பிறகு எடுத்தால் கரை நிற்கும். மேய்ச்சல்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, ஆடு மாடு இறங்க ஓர் இடத்தைக் கல் பாவி ஒதுக்கிக் கொடுங்கள். அந்த ஓர் இடம் இருந்தால் மற்ற கரைகள் தப்பிக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அப்படி ஒரு மழைக்கு எந்தக் கல்வரிசையும் கணக்கில் வராது. அங்கே காப்பாற்றுவது அகலம் ஒன்றுதான், தண்ணீர் பரவி நிற்கத் தாழ்வான இடம். எங்கள் பக்கம் மழை குறைவு. ஆனாலும் வெள்ளம் தாழ்ந்த கரையைத் தாண்டிப் புல்வெளியில் பரவி, வேகம் இழந்து, மறுபடி ஓடைக்குத் திரும்பியது. கரைக்குள் ஆழமாகச் செருகிய வரிசைகள் அப்படியே இருந்தன. ஒரு வரிசையின் ஓரத்தைத் தண்ணீர் சுற்றிப் போயிருந்தது, அதை அடுத்த கோடையில் நீட்டிப் போட்டோம். இந்தப் பராமரிப்புக்கு எஸ்டிமேட்டிலேயே முதல் மூன்று வருடத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று இப்போது எல்லாக் கூட்டத்திலும் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பலனைக் காட்ட நினைப்பவர்கள் வேலை செய்யாத பக்கத்து ஓடை ஒன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். நல்ல மழை வருடத்தில் எல்லா ஓடையும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டையும் முன்னும் பின்னும் அளந்தால்தான் வித்தியாசம் வேலையால் வந்ததா, மழையால் வந்ததா என்று பேச முடியும். அளவுக்கு ஆதாரமாகக் கல்வெர்ட் சுவரில் பெயிண்டில் ஒரு புள்ளி வையுங்கள், போட்டோவையும் அதே இடத்தில் நின்று, அதே மாதத்தில் எடுங்கள்.

இப்படி ஒரு பயிற்சியில் சேர நினைப்பவர்கள் நடத்துபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, களத்தில் எத்தனை நாள் என்பது. பாதிக்குக் குறைவு என்றால் நான் போகமாட்டேன். வறண்ட ஓடைகளில் வேலை செய்த ஆசிரியர் யாராவது உண்டா, நம் சொந்த ஓடையைப் பயிற்சித் திட்டமாக எடுத்துக்கொள்ள விடுவார்களா, முடிந்தபின் ஒரு மழைக்காலமாவது தொடர்பில் இருப்பார்களா என்றும் கேளுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் நான் மேலே சொன்ன பன்னாட்டுச் சங்கம் 2017 முதல் சூழல் மீட்புப் பணியாளர்களுக்குச் சான்றளிக்கிறது. அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு நிலை, இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு நிலை. வகுப்புக்குப் போகும்போது உங்கள் ஓடையின் புலவரைபடத்தையும், ஒரு வெள்ள நாள் போட்டோவையும், ஒரு வறண்ட நாள் போட்டோவையும் கொண்டுபோங்கள். எனக்கு அந்த மூன்றும்தான் கேள்விகளைக் கொடுத்தன.

இப்போது கல்வெர்ட்டுக்கு மேலே உள்ள பகுதியை அளந்துகொண்டிருக்கிறோம். அங்கே வாட்டம் அதிகம், கல் கிடைப்பது குறைவு. மூங்கில் முளை அடித்துப் புதர்க்கட்டுகளை வைக்கலாமா என்று ஒரு பக்க ஓடையில் முயன்று பார்க்கப் போகிறோம். பஞ்சாயத்துத் தீர்மானம் ஆகிவிட்டது. சர்வேயர் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டால் மாசியில் வேலை தொடங்கிவிடும்.